நடையா, எச்.ஐ.ஐ.டியா, எடையா, நெடுந்தூர ஓட்டமா? ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை வைத்து ஓர் ஒப்பீடு

உடற்பயிற்சி செய்தால் உடம்பில் ஃப்ரீ ராடிக்கல் (எதனோடும் சட்டென்று வினைபுரியும் நிலையற்ற மூலக்கூறு) கூடும். ஃப்ரீ ராடிக்கல் கூடி உடம்பின் தற்காப்பை மிஞ்சினால் (இதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள்) செல்கள் சிதையும், முதுமை விரையும். இந்த இரண்டையும் வெவ்வேறு இடங்களில் படித்துவிட்டு, ஒன்றாகக் கூட்டிப் பார்த்துக் குழம்பி நிற்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் கேட்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்: நிதானமாக நடந்தால் போதுமா, எச்.ஐ.ஐ.டி (இடையிடையே ஓய்வு விட்டுச் செய்யும் அதிவேகப் பயிற்சி) செய்யலாமா? எடை தூக்கினால் கெடுதலா? ஓடுகிறவர் கட்டாயம் ஃப்ரீ ராடிக்கலை அடக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை போட வேண்டுமா?

முதல் வாக்கியம் உண்மை. 1978-லேயே, பயிற்சி செய்கிறவர்கள் வெளிவிடும் மூச்சில் பென்டேன் வாயு கூடுவதை அளந்து காட்டிவிட்டார்கள். உடலின் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடையும்போது வெளிவரும் வாயு அது. 1982-ல், களைத்து விழும்வரை ஓடவிட்ட எலிகளின் தசையிலும் கல்லீரலிலும் ஃப்ரீ ராடிக்கல் அளவு இரண்டு மூன்று மடங்கு ஏறியிருந்தது. இரண்டாவது வாக்கியம் டென்ஹாம் ஹார்மன் 1956-ல் முன்வைத்த முதுமைக் கோட்பாட்டின் வழி வந்தது. அது சொன்னபடியே முழுசாக நிற்கவில்லை. நின்றிருந்தால், நாள் தவறாமல் ஓடுகிறவர்கள் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு முன்னால் மூப்படைய வேண்டும். நடப்பது அதற்கு நேர்மாறு.

என் தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடிந்த நிமிடத்தில் அளவு எவ்வளவு ஏறியது என்பதை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஏறியது எத்தனை நேரத்தில் இறங்கியது, சில வாரங்கள் கழித்து ஓய்வுநிலை அளவு எங்கே வந்து நிற்கிறது என்பதைப் பாருங்கள். அப்படிப் பார்த்தால் நல்லது கெட்டது என்று நாம் போட்டு வைத்திருக்கும் வரிசையே மாறிவிடும்.

## ஒப்பிடும் முன்: ஏற்றம் எங்கிருந்து வருகிறது

சுவாசிக்கும் ஆக்சிஜனில் 2 முதல் 5 சதவீதம் செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசிந்து ஃப்ரீ ராடிக்கலாகிறது என்று பழைய புத்தகங்கள் சொல்லும். ஓடும்போது பத்து மடங்குக்கு மேல் ஆக்சிஜன் இழுக்கிறோம், கசிவும் பத்து மடங்காகும் என்பது அதிலிருந்து போட்ட கணக்கு. கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சதவீதமே ஆய்வுக்கூடத்தின் செயற்கைச் சூழலில் கிடைத்த மிகை மதிப்பீடு. பின்னர் வந்த அளவீடுகள் 0.15 சதவீதம் என்ற அளவுக்கு அதை இறக்கிவிட்டன. தசை சுருங்கி விரியும்போது முதன்மையாக வேலை செய்வது என்.ஏ.டி.பி.எச் ஆக்சிடேஸ் என்ற நொதி என்பதுதான் இப்போதைய புரிதல். ரத்த ஓட்டம் ஒரு கணம் தடைபட்டுத் திரும்பப் பாய்ந்தால் சாந்தைன் ஆக்சிடேஸ் என்ற இன்னொரு நொதி சேர்ந்துகொள்ளும். தசைநார் கிழிந்தால், ஒன்றிரண்டு நாள் கழித்து அங்கே வந்து சேரும் வெள்ளணுக்கள் தங்கள் பங்குக்குக் கிளப்பும்.

இந்த மூன்று ஊற்றுகளையும் மனதில் வையுங்கள். ஒவ்வொரு பயிற்சி முறையும் இவற்றை வெவ்வேறு விகிதத்தில் திறந்துவிடுகிறது. ஏற்றத்தின் உயரமும் நேரமும் ஆளுக்கு ஆள் மாறுவதோடு, முறைக்கு முறையும் மாறுவது அதனால்தான்.

கிளம்பும் ஃப்ரீ ராடிக்கல் வெறும் கழிவும் அல்ல. என்.ஆர்.எஃப்2 என்ற புரதத்தை அது எழுப்புகிறது. சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் ஆகிய பாதுகாப்பு நொதிகளை உடம்பு கூடுதலாகத் தயாரிப்பது அந்த அழைப்பின் பேரில்தான். புது மைட்டோகாண்ட்ரியா உருவாகச் சொல்லும் பி.ஜி.சி-1 ஆல்ஃபாவுக்கும் தகவல் போகிறது. ஆக, ஏற்றம் இல்லாத பயிற்சியால் பெரிய பலனும் இருக்காது.

## நான்கு அளவுகோல்கள்

ஏற்றம்: ஒரு சுற்றுப் பயிற்சியில், சேதத்தைக் காட்டும் ரத்த, சிறுநீர்க் குறியீடுகள் எவ்வளவு உயர்கின்றன.

தணிவு: பழைய அளவுக்குத் திரும்ப எத்தனை மணி, எத்தனை நாள்.

அடிமட்டம்: சில வாரப் பயிற்சிக்குப் பின், எதுவும் செய்யாமல் ஓய்வில் இருக்கும்போது அளவு இறங்கியிருக்கிறதா.

மறைசெலவு: நேரம், காயம், தூக்கக் கேடு, பாதியில் விட்டுவிடும் வாய்ப்பு. எந்த ரத்தப் பரிசோதனையிலும் வராத இந்த நான்காவதுதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது.

## குறியீடுகளை எவ்வளவு நம்பலாம்

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும். 'இந்தப் பயிற்சி ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை இத்தனை சதவீதம் குறைக்கிறது' என்று படித்தால், எதை அளந்தார்கள் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஃப்ரீ ராடிக்கல் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வினைபுரிந்து மறைந்துவிடும். அதை நேரடியாகப் பிடிப்பது கடினம். அது விட்டுச் சென்ற தடத்தைத்தான் அளக்கிறோம்.

அதிகம் புழங்குவது எம்.டி.ஏ என்ற மேலோண்டயால்டிஹைடு. கொழுப்பு சிதையும்போது வருவது. சோதனை எளிது: ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவோடு தயோபார்பிட்யூரிக் அமிலத்தைச் சேர்த்து, கொதிநிலையை ஒட்டிய சூட்டில் வைத்தால் குழாயில் இளஞ்சிவப்பு ஏறும். 532 நானோமீட்டர் ஒளியில் அந்தச் சிவப்பின் அடர்த்தியைப் படித்து எண்ணாக்குவார்கள். மலிவு, விரைவு. சிக்கல் என்னவென்றால், சர்க்கரை, பிலிருபின் போன்றவையும் அந்த அமிலத்தோடு சேர்ந்து நிறம் காட்டும். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தாலும் எண் ஏறும். சூடாக்கும்போதே குழாய்க்குள் புதிதாகக் கொழுப்பு சிதைவதும் உண்டு. இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பி வந்த முடிவை நான் பாதி விலைக்குத்தான் வாங்குவேன்.

எஃப்2-ஐசோபுரோஸ்டேன் நம்பகமானது. 1990-ல் கண்டறியப்பட்ட இதை நிறை நிறமாலைமானியில் அளக்க வேண்டும். செலவு அதிகம், ஆனால் கொழுப்புச் சேதத்துக்கு இதைவிட நல்ல குறியீடு இன்னும் வரவில்லை. புரதச் சேதத்துக்கு புரத கார்போனில், டி.என்.ஏ சேதத்துக்குச் சிறுநீரில் 8-ஓ.எச்.டி.ஜி, தற்காப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க, செல்லின் சொந்த ஆன்டிஆக்சிடன்டான குளூட்டாதயோனின் சாதாரண வடிவத்துக்கும் ஆக்சிஜனேற்றமடைந்த குளூட்டாதயோனுக்கும் உள்ள விகிதம். இவற்றில் இரண்டு மூன்று ஒரே திசையில் நகர்ந்தால்தான் நம்பலாம்.

ஏமாற்றும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். கடும் பயிற்சியில் வியர்வையாலும் அழுத்த மாற்றத்தாலும் பிளாஸ்மாவின் கன அளவு குறையும். அது 10 சதவீதம் குறைந்ததாக வையுங்கள். பயிற்சிக்கு முன் எம்.டி.ஏ 2.0 என்றிருந்தால், புதிதாக ஒரு துளிகூட உருவாகாமலே பயிற்சிக்குப் பின் 2.2 என்று காட்டும். கன அளவைத் திருத்தாத ஆய்வு அதை '11 சதவீத உயர்வு' என்று எழுதிவிடும். சிறுநீர்க் குறியீட்டுக்கு வேறொரு வம்பு. 8-ஓ.எச்.டி.ஜியைக் கிரியாட்டினினால் வகுத்துத்தான் சொல்வார்கள். எடை தூக்கித் தசை கூடினால் கிரியாட்டினினும் கூடும். வகுக்கும் எண் பெரிதாவதால் விடை சின்னதாகிறது. சேதம் குறைந்ததாகத் தோன்றும், குறையாமலும் இருக்கலாம்.

'மொத்த ஆன்டிஆக்சிடன்ட் திறன்' என்றொரு எண்ணும் உண்டு. பயிற்சிக்குப் பின் அது ஏறினால் உடனே கொண்டாட வேண்டாம். அதில் பெரும்பங்கு யூரிக் அமிலத்துடையது. கடும் பயிற்சியில் ஆற்றல் மூலக்கூறுகள் சிதைந்து யூரிக் அமிலம் கூடுவது இயல்பு. தற்காப்பு பலப்பட்டதற்கு அது சான்றல்ல.

ஆளுக்கு ஆள் வேறுபாடும் கொஞ்சநஞ்சமல்ல. ஒரே பயிற்சியைச் செய்தவர்களில் பெரும்பாலோருக்கு ஐசோபுரோஸ்டேன் ஏறும், சிலருக்கு இறங்கும். ஓய்விலேயே அளவு உயர்ந்திருப்பவர்களிடம் இந்த இறக்கம் அதிகம் தென்படுகிறது. (இதில் ஒரு பகுதி புள்ளியியல் விளையாட்டு. முதல் அளவீடு தற்செயலாக உயரமாக வந்தவருக்கு அடுத்தது தாழ்வாக வரத்தான் செய்யும்.)

## எதுவும் செய்யாமல் இருப்பது

இதையும் ஒரு தெரிவாகவே எடுத்துக்கொள்கிறேன். பயிற்சியே ஃப்ரீ ராடிக்கல் தருகிறது என்று பயந்தவர்கள் வந்து நிற்கும் இடம் இதுதான். ஏற்றம் இல்லை, தணிய வேண்டியதும் இல்லை. ஆனால் அடிமட்டம் மெல்ல மேலே போகும். அசைவின்றிக் கட்டிவைத்த எலிக்காலில் தசை மெலியும்போது ஆக்சிஜனேற்றச் சேதம் கூடுவது 1991-லேயே தெரியவந்தது. வேலை செய்யாத தசையின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வினைபுரியும் ஆக்சிஜன் வகைகள் (ஃப்ரீ ராடிக்கலும் அதன் உறவுகளும்) கூடுதலாக வெளிவருகின்றன, அவை தசைப் புரதத்தை உடைக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகின்றன. காய்ச்சல், எலும்பு முறிவு, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய நாட்கள் தவிர்த்து இது யாருக்கும் சரியான தெரிவல்ல.

## நிதானமான தொடர் பயிற்சி

வேக நடை, மெதுவோட்டம், சைக்கிள், நீச்சல். பேச முடியும், பாட முடியாது என்ற வேகம். ஏற்றம் சிறியது. பழகியவர்களுக்குப் பல ஆய்வுகளில் அளவிடும்படியான மாற்றமே வருவதில்லை. வந்தாலும் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அடிமட்டக் கணக்கில் இதற்கு இருக்கும் சான்றுப் பலம் மற்ற எதற்கும் இல்லை. சர்க்கரை நோய், உடற்பருமன், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் முதியவர்களும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் விடாமல் செய்தால் ஓய்வுநிலை எம்.டி.ஏ இறங்குவதும் பாதுகாப்பு நொதிகள் கூடுவதும் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கின்றன. ஏற்கெனவே ஆரோக்கியமாக இருக்கும் இளைஞருக்கு அந்த இறக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு இருக்கும். அவருடைய அடிமட்டம் தாழ்வாகத்தானே இருக்கிறது, இன்னும் எங்கே இறங்க?

மறைசெலவு இரண்டு. முதலாவது நேரம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வகுத்த வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி கேட்கிறது. வேலை, வீடு, குழந்தை என்று ஓடுகிறவருக்கு அது சின்ன எண்ணல்ல. இரண்டாவது, யாரும் சொல்லாதது: தேக்கம். அதே பாதை, அதே வேகம், அதே நேரம் என்று வருடக்கணக்கில் நடப்பவருக்கு அந்த நடை ஒரு கட்டத்துக்கு மேல் சமிக்ஞையே கொடுப்பதில்லை. கிடைத்த பலனைக் காப்பாற்றித் தரும், புதிதாக எதையும் சேர்க்காது. வாரத்தில் ஒருநாள் மேடேறினாலோ, இடையிடையே இரண்டு நிமிடம் வேகம் கூட்டினாலோ மறுபடி உயிர் வரும்.

புதிதாகத் தொடங்குகிறவர், நாள்பட்ட நோய் உள்ளவர், அறுபதைத் தாண்டியவர் என்றால் வேறெதையும் யோசிக்காமல் இதில் தொடங்கலாம்.

## எச்.ஐ.ஐ.டி

அரை நிமிடம் முதல் நான்கு நிமிடம்வரை மூச்சு முட்டும் வேகம், பிறகு ஓய்வு, மறுபடி வேகம். ஏற்றம் நிதானப் பயிற்சியைவிட உயரம். எம்.டி.ஏ, புரத கார்போனில் இரண்டும் தெளிவாக ஏறும். ஆனால் ஒரு நாளுக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். இதன் சிறப்பு, உடம்பு இதற்கு ஈடுகொடுக்கக் கற்றுக்கொள்ளும் வேகம்தான். சைக்கிளில் அரை நிமிட முழுவேகச் சுற்றுகளை மூன்று வாரம் செய்த நலமான இளைஞர்களிடம், அதே பயிற்சி கிளப்பும் ஏற்றம் குறைந்து, குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் உயர்ந்திருந்தது. நடையில் மாதங்கள் பிடிப்பது இங்கே வாரங்களில் வருகிறது.

அப்படியானால் தினமும் செய்யலாமே என்று தோன்றும். இங்கேதான் சறுக்கல். 2021-ல் ஸ்வீடனில் வந்த ஆய்வொன்றில், நலமான தன்னார்வலர்கள் இந்த வகைப் பயிற்சியை வாரா வாரம் கூட்டிக்கொண்டே போனார்கள்: முதல் வாரம் 36 நிமிடம், அடுத்து 90, மூன்றாம் வாரம் 152. முதல் இரண்டு வாரமும் நல்லபடி போயிற்று. மூன்றாம் வாரத்தில் தசை மைட்டோகாண்ட்ரியாவின் செயல்திறன் சட்டென்று விழுந்தது, சர்க்கரையைக் கையாளும் திறனும் குறைந்தது. நான்காம் வாரம் அளவைக் குறைத்தபோதும் முழுசாக மீளவில்லை. எண்களைக் கவனியுங்கள். இவை ஓய்வு நேரம் சேர்க்காத வேக நிமிடங்கள். நடையில் 150 நிமிடம் என்பது குறைந்தபட்சப் பரிந்துரை. இங்கே அதே 150 அளவு மீறல்.

மறைசெலவில் முழங்கால், பின்தொடைக் காயங்கள் உண்டு. மாலை தாமதமாகச் செய்தால் தூக்கம் கெடலாம், தூக்கம் குறைந்தால் தணிவு தள்ளிப்போகும். இதய நோய் இருப்பது தெரியாமலே தொடங்குகிறவருக்கு ஆபத்து பெரிது. நேரமில்லாதவர், ஏற்கெனவே ஓரளவு உடற்தகுதி உள்ளவர், வாரத்துக்கு இரண்டு மூன்று நாளோடு நிறுத்திக்கொள்ளும் கட்டுப்பாடு உள்ளவர் ஆகியோருக்கு இது நல்ல பேரம்.

## எடைப் பயிற்சி

இங்கே ஊற்றே வேறு. கனமான எடையைப் பிடித்திருக்கும்போது தசை தன் ரத்தக் குழாய்களையே நெரிக்கிறது. விட்டதும் ரத்தம் திரும்பப் பாய்கிறது. சாந்தைன் ஆக்சிடேஸ் விழித்துக்கொள்வது அப்போது. எடையை இறக்கும்போது தசை நீண்டுகொண்டே தாங்குகிறதே, அந்த இறக்கத்தில்தான் நார்கள் அதிகம் கிழிகின்றன. அதனால் இதன் ஏற்றம் தாமதமாக வரும். பயிற்சி முடிந்த அரை மணியில் ரத்தம் எடுத்தால் பெரிதாக எதுவும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்து, படியிறங்கத் தொடை மறுக்கும் அந்த நாளில், கார்போனில் உச்சத்தில் இருக்கும். உடனடி அளவீட்டை மட்டும் வைத்து 'எடைப் பயிற்சியில் ஆக்சிஜனேற்ற அழுத்தமே இல்லை' என்று சொல்வது தவறான நேரத்தில் எடுத்த படம்.

ஆனால் அதே பயிற்சியை இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி செய்தால், வலியும் குறைவு, குறியீடுகளின் ஏற்றமும் வெகுவாகக் குறைவு. ஒரே ஒரு முறை செய்ததே தசைக்குப் பாடமாகிவிடுகிறது. இறக்கப் பயிற்சிகளைப் புதிதாகத் தொடங்குகிறவர் முதல் நாளிலேயே வீரம் காட்டாமல் பாதி அளவோடு நிறுத்த வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

அடிமட்டத்தில் இதன் சான்று நடைக்கு இருப்பதைவிடக் கலவையானது. முதியவர்களிடம் இறக்கம் தெரிகிறது, இளைஞர்களிடம் சில ஆய்வுகளில் மாற்றம் இல்லை. இருந்தும் நான் இதைப் பட்டியலில் உயர வைப்பேன். வயதில் தசை கரைவதைத் தடுக்க இதற்கு ஈடு வேறொன்றில்லை. கரைந்த தசைதான் முன்பு பார்த்த உட்கார்ந்திருப்பவரின் நிலைக்குக் கொண்டுபோகிறது. மறைசெலவு: முறையாகச் சொல்லித்தர ஒருவர் வேண்டும், மூச்சை அடக்கித் தூக்கினால் ரத்த அழுத்தம் எகிறும், இரண்டு அமர்வுக்கு நடுவே அதே தசைக்கு இரண்டு நாளாவது விட வேண்டும்.

## நெடுந்தூரப் பந்தயங்கள்

மராத்தான், அதைவிட நீண்ட அல்ட்ரா ஓட்டம், நீச்சல்-சைக்கிள்-ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயர்ன்மேன். ஏற்றம் எல்லாவற்றிலும் பெரியது. மூன்று ஊற்றுகளும் ஒருசேரத் திறக்கின்றன. 2006-ல் ஆஸ்திரியாவில் நடந்த அயர்ன்மேன் பந்தயத்தில் ஓடிய 42 வீரர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பந்தயம் முடிந்ததும் கொழுப்பு, புரதச் சேதக் குறியீடுகள் எகிறியிருந்தன. ஐந்து நாளுக்குள் அவை பழைய நிலைக்கு வந்துவிட்டன, டி.என்.ஏவில் நிலைத்த சேதம் காணவில்லை. ஆனால் லேசான அழற்சி ஐந்தாம் நாளும் மிச்சமிருந்தது. இவர்கள் வருடக்கணக்கில் தயாரானவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. தயாரிப்பில்லாமல் ஓடும் ஒருவருக்கு இந்த முடிவு பொருந்தாது.

உடல்நலத்துக்காக நெடுந்தூரம் ஓடுகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். ஆசைக்காக ஓடலாம், சவாலுக்காக ஓடலாம், அதில் தப்பே இல்லை. ஆக்சிஜனேற்றக் கணக்கில் அரை மணி மெதுவோட்டம் தருவதற்கு மேல் நாலு மணி ஓட்டம் தருவது கொஞ்சம்தான், எடுத்துக்கொள்வது நிறைய. இதன் மறைசெலவு அடுத்தடுத்த பந்தயங்களில் இருக்கிறது. தணியும் முன்பே அடுத்த ஏற்றம் வந்தால், ஓய்வுநிலை குளூட்டாதயோன் விகிதமே சரிந்து நிற்கும். அளவு மீறிப் பயிற்சி செய்தவர்களிடம் காணப்படும் நிலை அது. வெப்பமும் உயரமான மலைப்பகுதியும் இதை இன்னும் கூட்டும்.

## யோகா, மூச்சுப் பயிற்சி

ஏற்றம் இல்லையென்றே சொல்லலாம். அடிமட்டத்தில் குளூட்டாதயோன் கூடி எம்.டி.ஏ குறைந்ததாகப் பல ஆய்வுகள் உண்டு. ஆனால் பலவும் சிறியவை, எம்.டி.ஏ ஒன்றையே நம்பியவை. தூக்கமும் மன அமைதியும் வழியாக வரும் பலன் என்று எடுத்துக்கொள்வது நியாயம். மற்றதற்கு மாற்றாக அல்ல, துணையாக.

## ஒரே பார்வையில்

| தெரிவு | ஏற்றம் | தணிவு | அடிமட்டம் | மறைசெலவு |
|---|---|---|---|---|
| எதுவும் செய்யாமை | இல்லை | – | மெல்ல உயரும் | தசை மெலிவு |
| நிதானத் தொடர் பயிற்சி | சிறிது | சில மணி | இறங்கும், சான்று வலுவானது | நேரம், தேக்கம் |
| எச்.ஐ.ஐ.டி | நடுத்தரம் முதல் உயர்வு | ஒரு நாளுக்குள் | விரைவாக இறங்கும், மீறினால் கெடும் | காயம், தூக்கம், இதய ஆபத்து |
| எடைப் பயிற்சி | தாமதமாக வரும் | சில நாட்கள், பழகினால் குறைவு | கலவையான சான்று, முதியோருக்கு நன்று | கற்றுத்தர ஆள், இடைவெளி |
| நெடுந்தூரம் | மிக உயர்வு | ஐந்து நாள்வரை | கூடுதல் லாபம் சொற்பம் | மீட்சி, மிகைப்பயிற்சி |
| யோகா | ஏறக்குறைய இல்லை | – | இறங்கலாம், சான்று மெலிது | தனியாகப் போதாது |

## மாத்திரையோடா, மாத்திரை இல்லாமலா

பயிற்சி எதுவானாலும் கூடவே வரும் கேள்வி இது. 2009-ல் ஜெர்மனியில் வந்த ஆய்வு இதற்கு நல்ல பதில். இளைஞர்களை நான்கு வாரம் பயிற்சி செய்ய வைத்து, பாதிப் பேருக்குத் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 ஐ.யு வைட்டமின் ஈயும் கொடுத்தார்கள். மாத்திரை போடாதவர்களிடம் இன்சுலினுக்கு உடம்பு ஒத்துழைக்கும் திறன் கூடியது, பாதுகாப்பு நொதிகளின் மரபணுக்கள் தூண்டப்பட்டன. போட்டவர்களிடம் இரண்டும் நடக்கவில்லை. பயிற்சி எழுப்பும் சமிக்ஞையை மாத்திரை அணைத்துவிட்டது. அலாரம் அடிக்கிறதே என்று அதன் ஒயரை வெட்டிவிட்டுத் தூங்கப் போவது மாதிரி.

2014-ல் நார்வேயில் 54 பேரை வைத்துப் பதினோரு வாரம் நடந்த ஆய்வில், ஓட்டத் திறன் இரு குழுவுக்கும் ஒரே அளவில் கூடியது. ஆனால் மைட்டோகாண்ட்ரியா வளர்ச்சிக் குறியீடுகள் மாத்திரைக் குழுவில் மந்தமாக இருந்தன. இந்த வித்தியாசத்தை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்: தசைக்குள் தெரியும் தடை, களத்தில் எப்போதும் தெரிவதில்லை. 2016-ல் வந்த இன்னொரு நார்வே ஆய்வில் அது உடம்பிலேயே தெரிந்தது. எடைப் பயிற்சி செய்த 60 வயதைத் தாண்டிய ஆண்களில், சி, ஈ மாத்திரை போட்டவர்களுக்குக் கொழுப்பற்ற எடை மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் கூடியது. தசைக்காகப் பாடுபடும் வயதில் இது பெரிய இழப்பு.

நெடுந்தூரக்காரர்களுக்காவது உதவுமா? 50 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஆறு வாரம் முன்பிருந்தே சி, ஈ எடுத்தவர்களுக்கு ஐசோபுரோஸ்டேன் ஏறவில்லை. எண் அழகாகத்தான் இருந்தது. ஆனால் தசைச் சேதமும் அழற்சியும் மாத்திரை போடாதவர்களுக்கு இருந்த அளவே இருந்தன. ஹவாயின் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் பந்தயத்தில் இரண்டு மாதம் வைட்டமின் ஈ மட்டும் அதிக அளவில் எடுத்தவர்களுக்கோ ஐசோபுரோஸ்டேன் கூடுதலாகவே ஏறியது. அதிக அளவு வைட்டமின் ஈ 'எடுத்தால் என்ன, கெடுதல் இல்லையே' என்பவர்களுக்கு ஒரு தகவல்: தினமும் 400 ஐ.யு எடுத்த ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று செலக்ட் என்ற பெரிய ஆய்வு 2011-ல் காட்டியது.

மாத்திரை சரியான தெரிவாகும் இடங்களும் உண்டு. பரிசோதனையில் வைட்டமின் சி குறைவு என்று உறுதியானவர்களுக்கு அதைக் கொடுத்ததும் திறன் கூடி, ஆக்சிஜனேற்ற அழுத்தம் குறைந்தது. குளூட்டாதயோன் குறைந்தவர்களுக்கு என்-அசிட்டைல்சிஸ்டீன் கொடுத்தபோதும் அப்படியே. அளவு சரியாக இருந்தவர்களுக்கு அது எதுவும் செய்யவில்லை. இன்னொன்று, அடுத்தடுத்த நாட்களில் பல சுற்றுகள் ஆட வேண்டிய போட்டி வாரம். அங்கே உடம்பு கற்றுக்கொள்வது முக்கியமில்லை, நாளைக்கு எழுந்து ஆடுவதுதான் முக்கியம். பயிற்சி மாதங்களில் அதே மாத்திரையைத் தொடர்வதுதான் வீண். பழம், காய்கறி வழியாக வரும் ஆன்டிஆக்சிடன்டுகளுக்கு இந்தக் கவலை வேண்டாம். சாப்பாட்டில் வரும் அளவு வேறு, மாத்திரையின் அளவு வேறு.

## யாருக்கு எது

உட்கார்ந்தே வேலை செய்து, இதுவரை எதுவும் பழகாதவர் முதல் இரண்டு மூன்று மாதம் நிதான நடையோடு வாரம் இரண்டு நாள் லேசான எடையைச் சேர்க்கட்டும். எச்.ஐ.ஐ.டி அதற்குப் பிறகு. சர்க்கரை நோய் உள்ளவருக்கும் இதேதான், சர்க்கரை மாத்திரையின் அளவு மாறக்கூடும் என்பதால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். ஏற்கெனவே நடந்து பழகித் தேக்கத்தில் நிற்பவர், நடை நாட்களில் இரண்டை எச்.ஐ.ஐ.டியாக மாற்றினால் போதும், கூட்ட வேண்டியதில்லை. ஐம்பதைத் தாண்டியவர்கள் நடையையும் எடையையும் எதிரெதிராக வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே கூடாது, இரண்டும் வேண்டும். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், நடை அன்றாட வாழ்க்கையில் எப்படியாவது ஒட்டிக்கொள்ளும், எடை ஒட்டாது. அதனால் எடைக்கு நேரம் ஒதுக்குங்கள். மராத்தான் ஓட ஆசைப்படுகிறவர் ஓடட்டும், முடிந்த ஒரு வாரத்துக்கு வேகப் பயிற்சி, கனமான எடை இரண்டையும் தொடாமல் இருக்கட்டும்.

எது செய்தாலும் தணிவைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் கட்டாயமில்லை. காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட உயர்ந்தே இருப்பது, பழகிய வேகம் திடீரென்று கனப்பது, தூக்கம் வராமல் புரள்வது ஆகிய மூன்றும் சேர்ந்து சில நாள் நீடித்தால் ஏற்றத்தின் மேல் ஏற்றம் விழுகிறது என்று எடுத்துக்கொண்டு அளவைக் குறைக்கலாம்.

அப்படியும் பரிசோதித்தே தீர வேண்டும் என்பவர்கள், கடைசிப் பயிற்சிக்கு மூன்று நாளாவது கழித்து, காலையில் வெறும் வயிற்றில், ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வகத்தில் கொடுங்கள். எம்.டி.ஏ மட்டும் பார்க்கும் இடமாக இருந்தால் பணத்தை மிச்சப்படுத்துங்கள். முதல் அளவுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்று மாதம் விடுங்கள். அதற்குள் எடுத்தால் பயிற்சி வேலை செய்வது தெரியாது, நேற்று நன்றாகத் தூங்கினீர்களா என்பதுதான் தெரியும்.